வில்லில் கட்டிய தவளை

டக். விட்டேன். அம்பு வைக்கோல் மெத்தையில் குத்துகிற சத்தம் வந்து சேருவதற்கு முன்பே எனக்குத் தெரியும், மஞ்சள்தான். தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் பார்த்தேன், மஞ்சளேதான், நட்டநடுவில் இல்லை, கொஞ்சம் வலது ஓரம், பரவாயில்லை, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைத்தால் போதாதா, நடு இலைதான் வேண்டும் என்று யார் அடம்பிடிப்பார்கள். கடைசிச் சுற்று இது. மூன்று அம்பில் ஒன்று போயாயிற்று, இன்னும் இரண்டு. பாளையங்கோட்டை வெயில் பின்மண்டையில் கை வைத்து அழுத்துகிறது, மண்சூடு செருப்பைத் தாண்டி ஏறுகிறது, மைக் செட்காரன் பாட்டை நிறுத்து என்றால் நிறுத்தாமல் சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருக்கிறான், அது பக்கத்து வீட்டு அடுக்களையில் யாரோ பாடுகிற மாதிரி கேட்கிறது. ஒன்றும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. அருணாசலவடிவு என்கிற முழுப்பெயரை எழுதச் சோம்பல்பட்டு புள்ளிப் பலகையில் வடிவு என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், வேறொரு நாளாக இருந்தால் நேரே போய்ச் சண்டை போட்டிருப்பேன், இன்றைக்கு அதுவும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. வடிவுக்குக் கீழே சண்முகக்கனி. என் வீட்டுக்காரரின் தங்கை, எனக்கு நாத்தனார், இந்த நிமிஷம் என் முதுகுக்குப் பின்னால் அடுத்த கட்டத்தில் நின்று அவளும் எய்துகொண்டிருக்கிறாள். வலக்கைக்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்பதால் என்னால் அவளைப் பார்க்க முடியாது, அவள் என் முதுகைப் பார்க்கலாம், நன்றாகப் பார்க்கட்டும். பெண்கள் மர வில் பிரிவில் மாவட்டத்திலிருந்து ஒரே ஒருத்தி மாநிலப் போட்டிக்குப் போவாள். மற்றவர்கள் எல்லாரும் பின்தங்கிவிட்டார்கள். மிச்சம் நானும் கனியும். நான் முன்னால் இருக்கிறேன்.

ஆனால் புள்ளியா எனக்குப் பெரிது, சத்தியமாக இல்லை, புள்ளி பெரிதுதான், பொய் சொல்வானேன், லேபில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், மாநிலத்துக்குப் போனால் அல்வா வாங்கித் தருகிறேன் என்று. ஆனாலும் அதைவிடப் பெரிது ஒன்று இருக்கிறது, அது என் கை. மர வில் என்றால் ஒன்றும் கிடையாது, குறிபார்க்கக் கம்பி இல்லை, நடுக்கம் நிற்க எடைக்கட்டை இல்லை, ஒரு கட்டை, ஒரு நாண், அவ்வளவுதான். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வேகம், ஒரு விரற்கடை குறைத்து இழுத்தாலும் அம்பு இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இழுக்க வேண்டும், இழுத்து நிற்க வேண்டும், நின்றபின் விட வேண்டும். போன வருஷம் இந்த நிற்கிற காரியம் என்னைவிட்டுப் போயிற்று. மஞ்சள் கண்ணில் பட்டதும் விரல் திறந்துகொள்ளும், பாதி இழுப்பில், முக்கால் இழுப்பில், நான் விடு என்று சொல்லாமலே. எங்கள் கிளப்பில் இதற்குக் கை ஓடுகிறது என்று பேர். ஏளனமாகச் சொல்வதில்லை, காய்ச்சல் வந்திருக்கிறது என்பதுபோலச் சொல்வார்கள், கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று பயம். முதலில் சிரித்தேன். இருபது வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள் நான், குண்டுக் கை, ஒல்லிக் கை, குழந்தைக் கை, நரம்பே தெரியாத கை, எல்லாவற்றிலும் ஒரே குத்துதான், வடிவு அக்கா இருந்தால்தான் கையை நீட்டுவேன் என்று வந்து காத்திருக்கிற ஆட்கள் உண்டு, எனக்கா கை ஓடும் என்று. அப்புறம் ஒரு காலை. சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு ஒரு பஸ் கண்டக்டர் உட்கார்ந்திருக்கிறார், ரப்பர் கட்டியாயிற்று, பஞ்சால் துடைத்தாயிற்று, ஊசியைக் கொண்டு போகிறேன், இப்போது குத்தலாம் என்று நினைக்கப் போகிறேன், நினைப்பதற்குள் ஊசி உள்ளே இருக்கிறது. சரியாகத்தான் இறங்கியது. அவருக்கு ஒன்றும் தெரியாது, வலிக்கவே இல்லையே என்று மெச்சிக்கொண்டு போனார். எனக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், மூடினேன், இது வில்லோடு நிற்கப் போவதில்லை.

அதற்குத்தான் தவளை. பெரிய வில்காரர்கள், அந்த உலோக வில் வைத்திருக்கிறவர்கள், கைப்பிடியில் ஒரு மெல்லிய தகடு பொருத்தியிருப்பார்கள், அம்பின் முனை அதைத் தாண்டி உள்ளே வந்ததும் டக் என்று அடிக்கும், அடித்தால் முழு இழுப்பு வந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது விடலாம், அதற்கு முன்னால் விடக்கூடாது. மர வில்லில் அதைப் பொருத்த இடம் இல்லை. நான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே ஆனித் தேருக்குப் போனால் கடையில் பச்சைத் தகரத் தவளை விற்கிறான், வயிற்றில் ஒரு நாக்குத் தகடு, அமுக்கினால் டக். அட, இதுதானே அது. வாங்கி வந்து மேல்பக்க வில்தண்டில் கறுப்பு டேப் சுற்றி ஒட்டினேன், நாக்கில் ஓட்டை போட்டுத் தூண்டில் நரம்பைக் கட்டினேன், நரம்பின் மறு நுனியில் மூக்குத்தி சைஸில் ஒரு பித்தளை வளையம், அதை நாணில் மாட்டிவிட்டால் தீர்ந்தது, நாணை இழுக்க இழுக்க நரம்பு விறைக்கும், என் முழு இழுப்பு எங்கே வருகிறதோ அங்கே நாக்கைப் பிடித்து இழுக்கும், டக். நரம்பின் நீளத்தை மட்டும் சரியாக வெட்ட வேண்டும், அதற்குக் கனி வந்து நின்று அம்பில் நகப்பாலிஷால் புள்ளி வைத்துக் கொடுத்தாள். வைத்துக் கொடுத்துவிட்டு, “எனக்கும் ஒண்ணு கட்டித் தாங்க மைனி” என்றாள். அவளுக்குக் கை ஓடவில்லை, அவளுக்கு எதற்கு? மைனி செய்தால் அவளும் செய்ய வேண்டும், கலர் கோலப்பொடியா, மாடியில் கீரைத் தொட்டியா, வில்லா, எல்லாவற்றிலும் நான் முதலில் இறங்குவேன், ஆறு மாதத்தில் அவள் என்னைவிட வேகமாகச் செய்வாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கையும் கணக்கும் ஒன்றாக ஓடும், இட்லியைக்கூட அவள் மெல்லுகிறாளா விழுங்குகிறாளா என்று எனக்குச் சந்தேகம். கட்டிக் கொடுத்தேன். அதே கடை, அதே தகரம், இரண்டு தவளைக்கும் ஒரே தொண்டை. கிளப்பில் சிரித்தார்கள், மழை வருமா அக்கா என்று கேட்டார்கள், சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்குக் காலையில் சாமான்களைச் சோதிக்கிற மேசையில் நடுவர்கூட மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “என்னம்மா இது, வில்லுல தவளையக் கட்டி வச்சிருக்கீங்க?” என்றார். “குறி பாக்கதுக்கு இல்ல சார், சத்தத்துக்கு” என்று ஆரம்பித்தேன், ஆரம்பித்தால் நான் நிறுத்துவேனா, கழற்றிக் காட்டினேன், அமுக்கிக் காட்டினேன், கை ஓடுகிறது என்றால் என்ன, மனசு எங்கே நிற்கிறது, விரல் எங்கே நிற்கிறது, ஒரு பிரசங்கமே வைத்துவிட்டேன், பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூடக் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு மர வில்லில் இதற்குத் தடை ஒன்றும் இல்லை என்று சொல்லி வில்லில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி நடந்து வந்தேன்.

இரண்டாவது அம்பு. வாலை நாணில் பொருத்துகிறேன், மூன்று விரல், மூச்சு, இழு. இன்றைக்கு இழுப்பே லேசாக இருக்கிறது, வழக்கமாக முழு இழுப்புக்குப் பக்கத்தில் வரும்போது நரம்பு நாணைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்துப் பார்க்கும், இன்றைக்கு அதுகூடத் தெரியவில்லை, உடம்பு தேறிவிட்டது, தோள் பழகிவிட்டது, கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேன் இல்லையா. தாடைக்கு நாண் வந்தாயிற்று. மஞ்சள் தெரிகிறது. வா பார்ப்போம் என்கிறேன் அதனிடம். போன வருஷம் இந்த இடத்தில்தான் விரல் துள்ளும், இப்போது பார், நிற்கிறது, நல்ல பிள்ளையாக நிற்கிறது, மஞ்சளைப் பார்த்தும் நிற்கிறது. சத்தம் வரவில்லை இன்னும். வரும். காலையிலிருந்து இந்தத் தவளை ஒரு சமயம் சீக்கிரம் கத்துகிறது, ஒரு சமயம் தாமதமாகக் கத்துகிறது, வெயிலில் நரம்பு இளகும், நிழலில் இறுகும், அதெல்லாம் சகஜம், காத்திருக்கத் தெரிந்தவளுக்கு என்ன, கல்யாண மண்டபத்தில் சேலை கட்டிவிடுகிறவளுக்காகக் காத்திருந்ததைவிடவா. அதோ. டக். விட்டேன். சிவப்பு. மஞ்சள் கோட்டுக்குக் கீழே சிவப்பு, இருக்கட்டும், சிவப்பும் நல்ல நிறம்தான். அம்பு போன இடத்தைவிட அது போன விதம் எனக்குச் சந்தோஷம், நின்றேன், காத்திருந்தேன், சத்தம் கேட்டேன், விட்டேன், என் கை என்னிடம் திரும்பி வந்துவிட்டது, நாளைக்குக் காலையில் லேபில் உட்கார்ந்து யார் கையை நீட்டினாலும் இப்படித்தான், நான் நினைத்த பிறகுதான் ஊசி. முதுகுக்குப் பின்னால் உடனே இன்னொரு டக், இன்னொரு அம்பு போய்க் குத்துகிறது, கனி தன் மூன்றாவதையும் விட்டுவிட்டாள், ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி. அவளுடைய மெத்தையைப் பார்த்தேன், மஞ்சள். பிசாசு. முடித்தவர்கள் கோட்டை விட்டுப் பின்னால் போய் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அது வழக்கம், செருப்புச் சத்தம் கேட்டது, போய்விட்டாள். அவள் கணக்கு முடிந்தது, இனி என்னுடையதுதான். கூட்டிப் பார்த்தேன், என் கடைசி அம்பு சிவப்பில் விழுந்தால் நான் போகிறேன், சிவப்புக்கு வெளியே நீலத்தில் விழுந்தால் கனி போகிறாள். காலையிலிருந்து என் அம்பு ஒன்றுகூட நீலத்தைத் தொடவில்லை.

மூன்றாவது. வால், விரல், மூச்சு, இழு. தாடை. மஞ்சள். நிற்கிறேன். வரும். கோட்டில் இப்போது யாரும் இல்லை, நான் மட்டும், மைக் செட்காரன் கடைசியில் பாட்டை நிறுத்தியிருக்கிறான், நல்லது, தவளை தெளிவாகக் கேட்கும். வரும். கொஞ்சம் கூட இழுக்கிறேன், முதுகெலும்புக்குப் பக்கத்துச் சதை இறுகுகிறது, வரும், நரம்பு ரொம்ப இளகிவிட்டதோ, இன்னும் கொஞ்சம், அம்பின் முனை என் விரல் முட்டிக்கே வந்துவிட்டது, நகப்பாலிஷ் புள்ளி எப்போதோ தாண்டியிருக்கும், வரும், ஏன் வரவில்லை, இடது கை நடுங்குகிறது, மஞ்சள் ஆடுகிறது, சிவப்பு, மஞ்சள், சிவப்பு, விரல் கேட்கிறது விடட்டுமா விடட்டுமா என்று, பழைய கேள்வி, கேள்வியே இல்லாமல் போகிற அந்தப் பழைய அவசரம் கட்டைவிரல் அடியில் ஊறுகிறது, இல்லை, இல்லை, சத்தம் இல்லாமல் கிடையாது, இறக்கு. இறக்கினேன். எய்யாமல் வில்லை இறக்குவது ஒன்றும் அவமானம் இல்லை, கிளப்பில் புதுசாக வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன், ஆனால் தோள் எரிகிறது, வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது. கடிகாரக்காரரைப் பார்த்தேன், ஒரு இழுப்புக்கு நேரம் இருக்கிறது என்று கையைக் காட்டினார். என்ன ஆயிற்று இந்தத் தவளைக்கு என்று தலையை நிமிர்த்தி மேல்தண்டைப் பார்த்தேன். தவளை இருக்கிறது. நரம்பும் இருக்கிறது, காற்றில் ஒரு முடிபோலச் சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் ஒன்றும் இல்லை. நாணில் வளையம் இல்லை.

வளையம் காலையில் போன சோதனை மேசை மேலேயே இருக்கிறது. நடுவர் நாணில் என்னமோ கட்டியிருக்கிறதே என்று கேட்டார், கட்டுனது இல்ல சார் மாட்டுனது என்று சொல்லி நரம்பிலிருந்தும் நாணிலிருந்தும் கழற்றி அவர் முன்னால் வைத்தேன், வைத்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடர்ந்தேன், ஸ்டிக்கர் ஒட்டியதும் வில்லை எடுத்துக்கொண்டு தேர்தலில் ஜெயித்தவள் நடந்து வந்துவிட்டாள். அப்படியானால். அப்படியானால் காலையிலிருந்து என் தவளை ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அப்படியானால் நான் கேட்டதெல்லாம். முதுகுக்குப் பின்னால். ஒரே தொண்டை. கடவுளே, காலையிலிருந்து நான் விட்ட அத்தனை அம்பையும் கனியின் தவளைக்கு விட்டிருக்கிறேன். அவள் முழு இழுப்புக்கு வரும்போது அது கத்துகிறது, இங்கே என் விரல் திறக்கிறது, சீக்கிரம் கத்தியதும் தாமதமாகக் கத்தியதும் நரம்பும் இல்லை வெயிலும் இல்லை, அவள் மூச்சு. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, இந்த மைதானத்தில் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய என்னைவிட்டால் ஆள் உண்டா. அடுத்து வந்தது சிரிப்பில்லை. கை திரும்பி வந்துவிட்டது என்று எவ்வளவு கொண்டாடினேன், எங்கே திரும்பி வந்தது, முன்னால் மஞ்சளுக்கு ஓடிக்கொண்டிருந்தது, இப்போது நாத்தனார் சத்தத்துக்கு ஓடுகிறது, எஜமான் மாறியிருக்கிறார், அவ்வளவுதான், அதில் நான் எங்கே இருக்கிறேன். பயந்துவிட்டேன். வெயிலில் நின்றுகொண்டு, முன்னால் நின்றுகொண்டு, பலகையில் என் பெயர் மேலே இருக்க, அந்தக் கண்டக்டரின் கையைப் பார்த்த அன்றைக்குப் பயந்த மாதிரியே பயந்துவிட்டேன். மேசைக்கு ஓடிப்போய் வளையத்தை எடுத்து வர முடியாது, கோட்டை விட்டுப் போனால் அம்பு போயிற்று. சத்தம் இல்லாமல் இழுத்தால் விரல் துள்ளிவிடும், பாதியில் துள்ளினால் நீலம்கூட இல்லை, அதற்கும் வெளியே கறுப்பு. இழுக்காமல் வில்லைக் கீழே வைத்துவிட்டு அல்வாக்காரனிடம் ஆர்டரை நிறுத்தச் சொல்லிவிடலாமா. போடி, என்றேன் எனக்கே. அருணாசலவடிவு, நாளைக்குக் காலையில் ஊசியோடு உட்காரும்போது பின்னால் நின்று உனக்கு யார் டக் சொல்லப் போகிறார்கள். இழு.

இழுத்தேன். அவசரமாக இல்லை, மாவு சல்லடையில் இறங்குகிற மாதிரி மெதுவாக. பாதி. விரலுக்குள் அந்த ஊறல் ஆரம்பித்தது, ஊறட்டும், நீ ஊறு, நான் இழுக்கிறேன். முக்கால். மஞ்சள் வந்தது. இந்த இடம்தான், இந்த இடத்தில்தான் போன வருஷம் முழுவதும் விழுந்துகொண்டிருந்தேன், தெருவில் எல்லாருக்கும் தெரிந்த பள்ளம், தெரிந்தும் விழுவேன். தாண்டினேன். நாண் தாடைக்கு வந்தது, உதட்டு ஓரத்தில் நூல் அழுத்துகிறது, உப்புக் கரிக்கிறது. முழு இழுப்பு. யாரும் சொல்லவில்லை, தகரம் சொல்லவில்லை, எனக்கே தெரிகிறது, தோள்பட்டை எலும்பு இரண்டும் ஒன்றையொன்று தேடிப் பக்கத்தில் வந்திருக்கின்றன, இதற்கு மேல் இடம் இல்லை, இதுதான் என் அளவு, இவ்வளவு காலம் இதை ஒரு பொம்மையிடம் கேட்டுக்கொண்டிருந்தேனே. மஞ்சள் முழுதாக, வட்டமாக, பொரிக்காத அப்பளம் மாதிரி நிற்கிறது. அப்போது பின்னாலிருந்து வந்தது. டக். கனி. பின்கோட்டில் நின்று தன் தவளையைக் கட்டைவிரலால் அமுக்கியிருக்கிறாள். தொங்குகிற நரம்பை அவள் பார்த்துவிட்டாள், நான் ஏன் இறக்கினேன் என்று புரிந்துகொண்டுவிட்டாள், சத்தம் இல்லாமல் மைனி தவிக்கிறாள் என்று அமுக்குகிறாள், என் அம்பு சிவப்பில் விழுந்தால் தன் இடம் போய்விடும் என்று தெரிந்தே அமுக்குகிறாள். “யாரும்மா அது, பின்னால சத்தம் போடாதீங்க” என்று நடுவர் அதட்டுகிறார். சத்தம் காதுக்குள் போயிற்று, தோளில் இறங்கியது, முழங்கைக்கு வந்தது, மணிக்கட்டுக்கு வந்தது, விரல் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. விரல் திறக்கவில்லை. திறக்கவில்லை! ஒரு வருஷத்தில் முதல் தடவையாக என் கை என்னைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது, வில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் தருவார்கள், இடது கை சோர்கிறது, மஞ்சள் மேலே நழுவுகிறது, நான் கீழே இறங்குகிறேன், சிவப்பு, இப்போது விட்டாலும் சிவப்பு, இல்லை, இன்னும் கொஞ்சம், இந்த நிற்கிற சுகத்தை இன்னும் ஒரே ஒரு மூச்சு, நேற்றுவரை இது எனக்கு இல்லை. மூச்சு முடிந்தது. சரி, போ, என்றேன். போயிற்று.

நீலம். சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்கிறதா என்று நடுவர் குனிந்து பார்த்தார், தொட்டிருந்தால் சிவப்பாகக் கணக்கு, கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார், தொடவில்லை, நடுவில் ஒரு நகம் அளவுக்கு நீலம் தெரிகிறது, எனக்கே தெரிகிறது. பலகையில் என் பெயரை அழித்துக் கீழே எழுதினார்கள், இந்தத் தடவை முழுப்பெயரையும் கேட்டு எழுதினார்கள், அப்போது வயிறு எரிந்தது பாருங்கள், நன்றாகவே எரிந்தது. மெத்தைக்கு நடக்கிற வழியில் கனி ஓடிவந்து சேர்ந்துகொண்டாள், முகம் செத்துப்போயிருக்கிறது, ஜெயித்தவள் முகமா அது. “நான் சத்தம் குடுத்தம்லா மைனி, கேக்கலையா?” என்றாள். “கேட்டுச்சு” என்றேன். “பொறவு ஏன் விடல? அப்பம் மஞ்சள்லதான் நின்னுச்சு, நான் பின்னால நின்னு பாத்துக்கிட்டுதான அமுக்குனேன். விட்டிருந்தா நீங்கதான போயிருப்பிய.” “தெரியும்ட்டி.” “தெரிஞ்சா?” என்று நின்றுவிட்டாள். கணக்கு டீச்சர், இந்தக் கணக்கு அவளுக்கு இடிக்கிறது. எனக்குக் கண் நிறைந்தது, இவள்மேல் உள்ள பிரியத்திலா, போன இடத்தை நினைத்தா, இரண்டும்தான். “அது உன் சத்தம் கனி. காலையிலேர்ந்து உன் சத்தத்துலதான் விட்டுக்கிட்டு கெடந்தேன், அது எனக்கே தெரியல. ஒண்ணாவது என் இஷ்டத்துக்கு விடணும்லா” என்றேன். அவள் என் வில்லை வாங்கித் தொங்குகிற நரம்பை விரலில் சுற்றிப் பார்த்தாள், “அண்ணன்கிட்ட நான் என்ன சொல்ல?” என்றாள். “உங்க அண்ணன்கிட்ட அல்வாவ வாங்கிட்டு வரச் சொல்லு, நீ போறதுக்கும் அதே அல்வாதான்” என்றேன். சிரித்தாள், அழுதுகொண்டே. முதல் இரண்டு அம்பும் லேசாக வந்துவிட்டன, கனி சத்தத்துக்குப் போன அம்புகள், ஒரு கையாலேயே உருவி எடுத்துத் தூணியில் போட்டேன். நீலத்தில் நின்றதை ஒரு கையால் இழுத்தேன், அசையவில்லை. அவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, வில்லில் இருந்த பலம் முழுவதையும் கொண்டுபோய் அங்கே புதைத்திருக்கிறேன். கனி வில்லைக் கீழே வைத்துவிட்டு வந்து அம்பைச் சுற்றி மெத்தையை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் காலை ஊன்றி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், அப்போதும் அது வர மாட்டேன் என்றது.